நடுவில் ஓடிய பெல்ட்

ஒரு பெரிய சொகுசுக் காரின் பானெட்டுக்குள், இன்ஜினையும் சூப்பர்சார்ஜரையும் சேர்த்து ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. காலையில்தான் அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சுத்துங்க,” என்று பெல்ட் சூப்பர்சார்ஜரிடம் கெஞ்சியது.

“நானா சுத்துறேன்? இன்ஜின்தான் உன்னை வச்சு என்னைச் சுத்துறான். சுத்தச் சுத்தக் காத்தை அமுக்கி அவன் வாயில திணிக்கிறேன். அவனைப் போய்க் கேளு.”

பெல்ட் இன்ஜினிடம் ஓடியது.

“நான் என்னப்பா செய்ய? அவன் காத்தைத் திணிக்கத் திணிக்கப் பெட்ரோல் அதிகமா எரியுது, வேகம் தானா ஏறுது. அவனை நிறுத்தச் சொல்லு.”

பெல்ட் திரும்பி வருவதற்குள் அண்ணன் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருமே நிறுத்தப்போவதில்லை, தான் அறுந்தால்தான் இது நிற்கும் என்று பெல்ட்டுக்கு விளங்கியது. அப்போது விரிசல் இன்னும் ஒரு விரற்கடை நீண்டது.