பூட்டை உடைப்போம்!

“பூட்டு உடைச்சுக் குடுக்கிறது இங்கேதானே?”

மேடைக்குப் பக்கவாட்டில் தயங்கித் தயங்கி நின்ற ஆள் கேட்டதும் டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே தொங்கிய பேனரில் ‘கம்ப்யூட்டர் பூட்டை உடைப்போம்!’ என்று கொட்டை எழுத்தில் எழுதியதே அவள்தான்.

“காசு குடுத்து வாங்கின பொருளையே நம்மளைத் தொட விடாத பூட்டை உடைக்கத்தான் எங்க சங்கம் போராடுது. உங்களுக்கு என்ன பிரச்சினை?”

அவன் நெஞ்சோடு அணைத்திருந்த பையைத் திறந்து ஒரு கறுப்பு லேப்டாப்பைக் காட்டினான். ஊரில் பாதிப் பேர் கையில் இருக்கிற அதே மாடல்.

“ஆசை ஆசையா வீட்டுக்குக் கொண்டு போனேன் மேடம். திறந்தா, என் மூஞ்சியைப் பார்த்து நீ யாருங்குது. ரிப்பேர் கடையில கேட்டா, உள்ளே ஏதோ சிப் இருக்காம், ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

டீச்சரம்மாவுக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தொண்டை கிழியக் கத்தியும் பாதி நாற்காலி காலி. இன்றைக்கும் ஆள் சேராவிட்டால் சங்கத்தை இழுத்து மூடிவிடலாம் என்று செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அவளோ ராப்பகலாக எழுதிக்கொண்டிருந்த பேச்சைப் போன வாரம் பஸ்ஸில் தொலைத்துவிட்டு, இன்று மேடையில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டு இறங்கியிருந்தாள்.

“மேலே வாங்க. இதை அப்படியே மைக்ல சொல்லுங்க.”

“ஐயையோ, மேடையெல்லாம் வேணாம் மேடம்! ஓரமா வச்சு உடைச்சுக் குடுத்தா போதும், போயிடுறேன்.”

“இப்படிக் கூச்சப்பட்டா நியாயம் எப்படிக் கிடைக்கும்?” என்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டாள்.

பாவம், அவன் குனிந்த தலை நிமிரவில்லை. லேப்டாப்பை மட்டும் திறந்து காட்டினான்.

“நீங்கள் யார் என்று தெரியவில்லை” என்றது அதிலிருந்து ஒரு பெண் குரல், மைக்கில் கணீரென்று.

அவ்வளவுதான், கூட்டம் கொதித்துவிட்டது. டீ குடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி ஓடி வந்தார்கள்.

“அடப்பாவி மெஷினே!”

“நாம வாங்கின பாட்டைக் கேக்கவும் அதுகிட்ட பர்மிஷன், நம்ம பெட்டியைத் திறக்கவும் பர்மிஷனா?”

எப்போதும் உம்மென்று இருக்கிற செயலாளரே விசில் அடித்தார். டீச்சரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேப்டாப்பை வெடுக்கென்று வாங்கித் தன் பக்கம் திருப்பினாள். நழுவப் பார்த்தவனை இன்னொரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஏ சிப்பே! உழைச்ச காசைக் கொட்டி உன்னை வாங்கின மனுஷனையே யாருன்னு கேக்கறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

அவள் முகத்துக்கு நேரே திரை பளிச்சென்று விரிந்தது.

“வணக்கம், டீச்சரம்மா. பாதியில் விட்ட பேச்சைத் தொடரலாமா?”