ஞானத்தகப்பனுக்கு அம்னீஷியா

கிறிஸ்துமஸ் காலை. தலையில் கட்டோடு சோபாவில் படுத்திருந்தார் கிரிசாந்தோ. அந்த மணிலா சந்தில் ஏழு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தகப்பன்; கிறிஸ்துமஸ்தோறும் அவர்களுக்குப் பரிசு தர வேண்டியவர்.

அந்த ஏழில் ஒருவனான மகனோடு பரிசு வாங்க வந்த லோலெங்கை வாசலிலேயே மறித்தாள் அவர் மனைவி மாரிவிக்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருடி. அம்னீஷியா!"

"அப்படின்னா என்னக்கா?"

"பழசெல்லாம் மறந்து போறது. சீரியல்ல பார்த்ததில்ல? யாருக்கெல்லாம் ஞானத்தகப்பன்னுகூட அவருக்குத் தெரியாது."

லோலெங் மாரிவிக்கின் தோளுக்கு மேலாக சோபாவை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ யார் வந்து நின்னாலும் அவரால இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல?"

"எப்படிச் சொல்லுவாரு, பாவம்!"

லோலெங் சந்துப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "எல்லாரும் ஓடியாங்க! கிரிசாந்தோ அண்ணன்தான் எல்லாருக்கும் ஞானத்தகப்பன்!"

வரிசை தெருமுனை வரை நீண்டது. பிள்ளைகளை முந்திக்கொண்டு உள்ளே வந்தார், ஜீப்னி வண்டி ஓட்டும் மீசைக்கார டாண்டோய்.

"ஞானஸ்நானத்தப்ப என்னைக் கையில ஏந்தினீங்களே, அப்பா!"

கிரிசாந்தோ துள்ளி எழுந்தார். "யோவ், நீ என்னைவிட மூணு வயசு மூத்தவன்யா! எனக்கு ஏழே ஏழு பிள்ளைங்கதான். பேரு சொல்லட்டுமா?"

லோலெங் மகனை முன்னால் தள்ளினாள்.

"இவன்கிட்டேருந்து ஆரம்பிங்க, அண்ணே."