எதிராளி

பதுங்க நினைத்தாள். குதித்துவிட்டாள்.

திரையில் அவளுடைய ஆள் சரக்குப் பெட்டிக்கு மேலே தலையைக் காட்டிவிட்டுக் கீழே வந்து நின்றான். இந்நேரம் செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை.

அவள் குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். பதுங்குவதற்கு ஓரத்தில் ஒரு பொத்தான். குதிப்பதற்கு நீளமாய் ஒன்று. டபிள்யூ முன்னால், எஸ் பின்னால். பார்க்காவிட்டால் விரல் சரியான இடத்தில் போய் உட்கார மாட்டேன் என்கிறது. பார்த்தால் திரையில் நடப்பது தெரியாமல் போகிறது.

நாற்காலியை முன்னால் இழுத்தாள். பிறகு பின்னால் தள்ளினாள். மௌஸுக்கு அடியில் வைத்திருந்த பழைய காலண்டர் அட்டை வழுக்கியது. உருவி வீசினாள்.

சோபாவில் செழியன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தம்பி. அவன் கையில் கன்ட்ரோலர், எதிரே டிவி. அவளுக்கு மேஜையும் அவனுடைய லேப்டாப்பும். இரண்டு திரையிலும் ஒரே துறைமுகம். உள்ளே இரண்டே பேர். ஒருவரை ஒருவர் தேடிச் சுட வேண்டும்.

முன்பெல்லாம் அவளும் அந்த சோபாவில்தான் உட்காருவாள், இன்னொரு கன்ட்ரோலரோடு. அதில் குறி பார்ப்பது வலது கட்டைவிரலின் வேலை. ரிங் ரோட்டுத் திருப்பத்தில் பைக் மணலில் சறுக்கியபோது அவள் அந்தக் கையை ஊன்றித்தான் விழுந்தாள். பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் போன வாரம் சொன்னார்.

மௌஸுக்கு மணிக்கட்டும் ஆள்காட்டி விரலும் போதும். இந்த யோசனை அவளுடையதுதான்.

பைக்கை ஓட்டியவன் செழியன். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கிரேனுக்குக் கீழே ஓர் உருவம். முதுகைக் காட்டி நின்றது.

மௌஸை நகர்த்தினாள். குறி அதைத் தாண்டிப் போனது. திருப்பி இழுத்தாள். இந்தப் பக்கம் தாண்டியது. உருவம் நகரவே இல்லை. சுட்டாள். சுவரில் பட்டது. மறுபடி சுட்டாள்.

விழுந்தது.

“செமக்கா,” என்றான் செழியன். “அதுக்குள்ள பழகிட்டியே.”

இது இரண்டாவது வெற்றி.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். அனல் காற்று. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட, யாருக்கும் தெரியாமல் கேரம்போர்டைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டுத் தோற்கடித்தவன் இவன். தோற்கடித்ததைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போய், அதனாலேயே அப்பாவிடம் மாட்டி அடி வாங்கியவன். அவன்தான் இப்போது மீனில் நடுத்துண்டை அவள் தட்டில் வைக்கிறான். கேட்காமலே ரிமோட்டைக் கொடுக்கிறான். அவள் திட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறான். அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது?

சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது போலிருந்தது.

“ஏன்டா அங்கனயே நின்ன?”

“நெட்டு மாட்டிக்கிச்சுக்கா.”

“ரெண்டு தடவையுமா?”

அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது.

அவள் ஒளியவில்லை. டபிள்யூவை மட்டும் அழுத்திக்கொண்டு நேரே நடந்தாள். பெட்டிகளைக் கடந்து, கிரேனைக் கடந்து, துறைமுகத்தின் நட்ட நடுவுக்கு வந்தாள். கிடங்கின் நிழலிலிருந்து அவனுடைய ஆள் வெளியே வந்தான். இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சுடு.”

“எதுக்குக்கா?”

“சுடுடா.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் யாரும் அசையவில்லை.

“முடியலக்கா,” என்றான். “உன் கை இப்படி ஆனதே என்னாலதான்.”

வீட்டில் இதுவரை எல்லோரும் மணலைத்தான் திட்டியிருந்தார்கள். மணலைக் கொட்டியவனை. விளக்குப் போடாத கார்ப்பரேஷனை.

“ஆமா. உன்னாலதான்,” என்றாள். “திருப்பத்துல அவ்வளவு வேகமா யாரு போகச் சொன்னா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அதுக்காக நான் காலம் பூரா ஜெயிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

அவன் முகத்தைப் புறங்கையால் துடைத்தான். கன்ட்ரோலரை மடியில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

வெடிச்சத்தம்.

அவள் திரை சிவந்து இருண்டது.

அடுத்த ஆட்டத்துக்கு அவள்தான் முதலில் அழுத்தினாள்.

இந்தமுறை கிரேனுக்குக் கீழே யாரும் இல்லை. கப்பலிலும் இல்லை. கிடங்கின் கதவருகே போய் எட்டிப் பார்த்தாள். முதுகில் சுட்டுவிட்டான்.

“பின்னாடி வந்து சுடுறதெல்லாம் ஒரு பொழப்பாடா?”

“கீபோர்டையே குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தா முன்னாடி வந்தாலும் தெரியாது உனக்கு.”

“போடா நாயே.”

“நீ போடி.”

மொட்டைமாடியிலிருந்து துணிக் கூடையோடு இறங்கி வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சண்டை என்றால் வந்த வேகத்தில் டிவியை அணைக்கிறவள். இடுப்பில் கூடை, ஒரு கை கதவு நிலையில். அப்படியே நின்றாள்.

“தள்ளும்மா, மறைக்குது,” என்றான் செழியன்.

அக்கா லேப்டாப்பிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் எங்கோ காலடிச் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.