பெட்டியில் இல்லாத நிறம்

மலேசியாவிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா மகள் சித்ரகலா, வாசல் வெயிலில் அம்மாவை நீர்வண்ணத்தில் வரைகிறாள். கல்யாணமாகிக் கப்பலேறிய நாளிலிருந்து தங்கையைப் பார்க்காத பெரியம்மாவுக்கு இந்தப் படம் போக வேண்டும். அம்மா கூலிக்கு வந்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டியபடியே சொல்கிறாள்: "முடியக் கருப்பாவே போட்டுரு கண்ணு. இல்லாட்டி எங்கக்காளுக்கு என்னைய அடையாளம் தெரியாது." "பொய்யாவா வரையறது, சின்னம்மா?" சித்ரகலா சிரிக்கிறாள். அவள் வண்ணப்பெட்டியில் வெள்ளையே இல்லை. பிளீச்சிங் பட்டறையில் ராத்திரி முழுக்கத் துணியை மருந்தில் வேகவைத்து வெள்ளை எடுத்தவன் நான். அந்த நெடி தாங்காமல் பாதியில் ஓடிவந்தவன். இவளோ படத்தில் அம்மாவின் தலையைச் சுற்றி நீலத்தை மட்டும் கரைத்துவிடுகிறாள். தொடாமல் விட்ட காகிதத்தில் நரைமுடி தானாக எழுந்து ஒளிர்கிறது. இப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. அம்மா ஈரப் படத்தை எட்டிப் பார்க்கிறாள். கத்தரிக்கோல் நின்றுவிடுகிறது. "ஏங் கண்ணு, எங்கக்காளுக்கும் இப்படித்தான் நரைச்சிருச்சா?"