சம்பந்தி வீட்டுச் செருப்பு

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று சைரகுலுக்குப் பயம். உள்ளே போடச் செருப்பு தந்தால் மறுத்துவிடலாம், காரணத்தைச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் பெண் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினாள்.

கைப்பையில் தோடு இருந்தது. மருமகளாக வரப்போகிற ஜிபெக்கின் காதில் அதை அவள் கையால் மாட்டிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி.

பெண்ணின் அம்மாவான துர்சுனை, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்குங்க சம்பந்தி."

"வேணாங்க. சாக்ஸ் இருக்கு, போதும்."

"தரை சில்லுனு இருக்கும். போடுங்க."

"பழக்கமில்லைங்க."

நரின் மலையூர்க் குளிரில் வீட்டுச் செருப்பு பழக்கமில்லாமல் யார் இருக்கிறார்கள்? துர்சுனைக்கு முகம் சிவந்தது.

"எங்க வீட்டுச் செருப்பு ஆகாது. எங்க பொண்ணு மட்டும் ஆகுமாக்கும்?"

விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜிபெக் தேநீர்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"போட்டுத் தொலையேன்டி" என்று சைரகுலின் கணவர் பல்லைக் கடித்தார்.

இனியும் மறைத்தால் பையன் கல்யாணமே நின்றுபோகும். துர்சுனையின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள் சைரகுல்.

"கோவிச்சுக்காதீங்க. என் கால் நகத்துல பூஞ்சை. மஞ்சளாத் தடிச்சுக் கிடக்கு. யார் யாரோ சொன்னாங்கன்னு வினிகர்ல ஊற வச்சே காலத்தை ஓட்டிட்டேன். இப்பத்தான் டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காங்க. ஈரம் போகக் காலைத் துடைக்கணுமாம். நகவெட்டி, செருப்பு எதையும் பொதுவா வச்சுக்கக் கூடாதாம். நான் போட்ட செருப்பை நாளைக்கு உங்க வீட்டுல யாராவது போட்டா?"

துர்சுனை கதவைச் சாத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து தன் சாக்ஸை உருவினாள்.

பெருவிரல் நகம் அதே மஞ்சள்.

"ஐயோ, உங்களுக்குமா! டாக்டர்கிட்ட போனீங்களா?" என்றாள் சைரகுல்.

"வெட்கமா இருந்துச்சு, போகலை."

"நாளைக்கு என்னோட வர்றீங்க."

துர்சுனை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இந்தத் தரை முழுக்க நான் வெறுங்காலோட நடந்ததுங்க. வர்றவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதேன்னு காலையில சந்தைக்கு ஓடி, நீங்களே வச்சுக்கற மாதிரி ஆளுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா அதைப் போடவே மாட்டேன்னு நிக்கிறீங்க!"

சைரகுல் வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டுதான் தோட்டை வெளியே எடுத்தாள்.