சிவப்புக் குழாய்

சிவப்புக் குழாயின் முனையில் வழிந்த சொட்டை மேஸ்திரி விரலில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார்.

வழுக்கியது. பிரேக் ஆயில் இப்படி வழுக்காது.

கை கழுவ வைத்திருந்த தண்ணீரில் இன்னொரு சொட்டை விட்டார். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்து காணாமல் போயிருக்கும். இது மேலேயே மிதந்து வட்டமாக மினுங்கியது.

நிமிர்ந்து, மேலே தொங்கிய குழாய்களைப் பார்த்தார்.

புதுக் குழாய்கள் இன்றுதான் வேலைக்கு வந்திருந்தன. இனி ஒவ்வொரு வண்டிக்கும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பின்னறையில் டிரம்கள். அங்கிருந்து கூரை வழியாக ஓடும் பைப்புகள். வண்டி நிற்கும் இடத்துக்கு நேர்மேலே சுருளாகத் தொங்கும் குழாய்கள்: கறுப்பு இன்ஜினுக்கு, பச்சை ரேடியேட்டருக்கு, சிவப்பு பிரேக்குக்கு.

எல்லாம் சின்னவரின் ஏற்பாடு.

பட்டறை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பாகம் பிரிக்கிற பேச்சு வந்ததிலிருந்து கீரியும் பாம்புமாக இருந்தார்கள். இந்தக் குழாய் வேலை தொடங்கிய பிறகுதான் தம்பி முகம் கொடுத்துப் பேசுகிறான் என்று பெரியவருக்கு வாயெல்லாம் பல்.

“முதல் வண்டி உங்களோடதுதாண்ணே” என்று காலையில் சின்னவர் ஒற்றைக்காலில் நின்றார். மேஸ்திரியைக்கூடக் கிட்டே விடவில்லை. பழைய பிரேக் ஆயிலை அவரே இறக்கி, சிவப்புக் குழாயை இழுத்து அவரே நிரப்பினார். பெரியவர் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிப் போனார்.

மேஸ்திரி பின்னறைக்கு ஓடினார்.

சிவப்பு பைப், வண்டியைத் தூக்கும் லிஃப்டுக்கு ஊற்றும் ஆயில் டிரம்முக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் பிரேக் ஆயில் டிரம், மூடி திறக்காமல்.

பார்க்க இரண்டும் ஒரே நிறம். ஆனால் இந்த ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் ஊதி, பிரேக் பிடிக்காமல் போகும். உடனே தெரியாது. ஏறும்போதும் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும்.

மேஸ்திரி போட்ட சத்தத்தில் சின்னவர் வந்தார். டிரம்மைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“பைப் போட்டவனுங்க கண்ண எங்க வச்சிருந்தானுங்க! நீங்க எதையும் தொடாதீங்க மேஸ்திரி, நான் அண்ணனக் கூப்பிடுறேன்.”

போனோடு வாசலுக்குப் போனார். காதில் வைத்தபடி இங்குமங்கும் நடந்தார். திரும்பி வந்தார்.

“முழு ரிங்கும் போகுது, எடுக்க மாட்டேங்கிறாரு.”

மறுபடி வாசலுக்குப் போனார்.

மேஸ்திரியால் சும்மா நிற்க முடியவில்லை. பெரியவரின் மகள் காலையில் ஜன்னல் வழியாக அவருக்குக் கையாட்டிவிட்டுப் போயிருந்தாள். சார்ஜில் கிடந்த தன் போனைப் பிடுங்கி எடுத்தார். விரல் ஆயிலில் எண்கள் வழுக்கின.

ஒரே ரிங்.

“சொல்லுங்க மேஸ்திரி” என்றார் பெரியவர். பின்னால் காற்றின் இரைச்சல்.

“எங்க இருக்கீங்க?”

“உச்சியிலதான். இப்பத்தான் இறங்கலாம்னு சாவியப் போட்டேன்.”

“சாவிய எடுத்துருங்க. எல்லாரும் கீழ இறங்குங்க. வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ஸுல வாங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.”

இன்ஜின் அணைந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். ஏன் என்று மகள் கேட்பதும் கேட்டது.

மேஸ்திரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“எத்தன தடவை கூப்பிட்டோம், ஏங்க எடுக்கல?”

“யாரு கூப்பிட்டா? போன் கையிலயேதான் இருக்கு. பாப்பா போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா. காலையிலருந்து உங்க கால்தான் முதல் கால்.”

மேஸ்திரி மெல்லத் தலையைத் திருப்பினார்.

வாசலில் சின்னவர் இன்னும் போனைக் காதில் வைத்திருந்தார். மேஸ்திரி பார்ப்பதைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி, எடுக்கவில்லை என்று தலையாட்டினார்.