ஒட்டகச்சிவிங்கி அறை

படப்பையில் நாங்கள் கடனில் வாங்கிய ஃபிளாட்டில் தவணை கட்டக் கட்டத்தான் அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வட்டி மட்டும் முழு வீட்டுக்கும். முன்பணத்துக்கு ஹாலும் சமையலறையும் கிடைத்தன. மகள் ஆதிரையின் அறை கடைசி. அவளுக்கு அப்போது இரண்டு வயது. உயரம் அளக்க அந்த அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரையச் சொல்லியிருந்தோம், ஏதோ அடுத்த தீபாவளிக்கே திறந்துவிடும் என்பதுபோல.

மொத்தமாக மூன்று லட்சம் கட்டினால் அந்தக் கதவு முன்னதாகவே திறக்கும். என் மனைவி சுகந்தியும் நானும் சேர்க்காமலா இருந்தோம்? ஒரு லட்சத்தைத் தொடும்போது ஸ்கூல் ஃபீஸ் வரும். மறுபடி சேர்த்தால் டெங்கு வரும்.

"அப்பா, சிவிங்கி உள்ள என்ன பண்ணுது?" என்று பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்பாள் ஆதிரை.

"தூங்குது. சத்தம் போடாத" என்பாள் சுகந்தி.

ஹாலில் மூவரும் ஒரே பாயில் நெருக்கியடித்துப் படுத்த நாட்கள் அவை.

இன்று காலை கடைசித் தவணை போனது. கதவு தானாகத் திறந்தது. புனேவில் வேலை பார்க்கும் ஆதிரை அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள். ஒட்டகச்சிவிங்கி அவள் தோளுக்குக்கூட வரவில்லை.

சுகந்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிரை அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரோடு ஒட்டி முட்டி போட்டாள்.

"இப்ப அளங்கப்பா."

அவள் தலைக்கு மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'ஆறு வயது' என்று எழுதினேன்.